குமிழி எங்கிருந்து வருகிறது?



பள்ளிக்கூடத்தில் அறிவியல் படித்த எவருக்கும் அந்தப் படம் நினைவிருக்கும். ஒரு பீக்கரில் தண்ணீர், அதற்குள் ஹைட்ரில்லா செடி, செடியின்மேல் கவிழ்த்த புனல், புனலின் காம்பின்மேல் நீர் நிரம்பிய சோதனைக்குழாய் தலைகீழாக. குழாயின் உச்சியில் நாலைந்து சின்ன வட்டங்கள். அவைதாம் ஆக்சிஜன். ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜன் வெளிவருகிறது என்று எழுதி, பாகங்களைக் குறித்து மதிப்பெண்ணும் வாங்கியிருப்போம்.

இப்போது ஒரு கேள்வி. அந்தக் குமிழி செடியிலிருந்துதான் வந்தது என்பதற்கு என்ன சாட்சி? தண்ணீரிலேயே காற்று கரைந்திருக்கிறதே! ஒரு டம்ளர் தண்ணீரை வெயிலில் வைத்துப் பாருங்கள். செடி கொடி எதுவும் இல்லாமலேயே டம்ளரின் உட்பக்கச் சுவரெல்லாம் குமிழி ஒட்டிக்கொண்டிருக்கும்.

இந்தச் சந்தேகம் 250 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. ஜெனீவாவில் வாழ்ந்த இயற்கை ஆய்வாளர் சார்ல் போனே, 1754இல் வெளியிட்ட நூலில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இலைகளைத் தண்ணீரில் அமிழ்த்தி வெயிலில் வைத்தார், குமிழிகள் வந்தன. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அதில் இலையைப் போட்டார், குமிழி வரவில்லை. கொதிக்கும்போது காற்று வெளியேறிவிடும் அல்லவா? ஆகவே குமிழி தண்ணீரில் இருந்த காற்றுதான், இலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று முடிவுகட்டினார். அழகான சோதனை, முடிவுதான் தவறு.

1779இல் டச்சு மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ் இங்கிலாந்தில் ஒரு கோடைக்காலம் முழுவதும் இதே வேலையாக உட்கார்ந்தார். வெயிலில் வைத்தால் குமிழி வருகிறது, இருட்டில் வைத்தால் நின்றுவிடுகிறது, செடியின் பச்சைப் பாகங்கள்தாம் இதைச் செய்கின்றன என்று கண்டார். வெயிலில் ஒளியும் இருக்கிறது, சூடும் இருக்கிறது. இரண்டில் எது காரணம் என்றும் பிரித்துப் பார்த்து, ஒளிதான் என்றார். அப்படியானால் போனேயின் கொதித்து ஆறிய நீரில் ஏன் குமிழி வரவில்லை? அதற்கு விடை சொன்னவர் அதே ஜெனீவாக்காரரான ழான் செனபியே. 1782இல் வெளிவந்த அவருடைய நூலில், இலைக்குக் கரியமில வாயு வேண்டும் என்றார். கொதிக்கவைத்தபோது அதுவும் ஓடிப்போயிற்று. பாவம், மூலப்பொருள் இல்லாமல் இலை என்ன செய்யும்?

இந்த வழக்கை நம் வகுப்பறையில் மறுபடி விசாரிக்கலாம். பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஒரே அளவிலான கண்ணாடிப் புட்டிகள் நான்கு போதும். ஹைட்ரில்லா குளத்தில் கிடைக்கும், மீன்தொட்டிக் கடையிலும் கிடைக்கும். தண்டைப் புதிதாக நறுக்கி, நறுக்கிய முனை மேலே பார்க்கும்படி வையுங்கள். முதல் புட்டியில் குழாய்த் தண்ணீரும் செடியும். இரண்டாவதில் அதே தண்ணீர், செடிக்குப் பதில் ஒரு துண்டு நூல். மூன்றாவதில் செடி, ஆனால் புட்டியைச் சுற்றிக் கறுப்புத் துணி. நான்காவதில் கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்த தண்ணீரும் செடியும். எல்லாவற்றையும் வெயிலில் வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

நூல் இருக்கும் புட்டியிலும் குமிழி தெரியும். அது நூலிலும் சுவரிலும் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். செடி இருக்கும் முதல் புட்டியிலோ, நறுக்கிய முனையிலிருந்து குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரம்சரமாய் ஏறும். பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்த்து எண்ணலாம். இரண்டு குமிழிக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை, கண்ணே சொல்லிவிடும்.

அடுத்து நான்காவது புட்டிக்கு வாருங்கள். அங்கே பெரும்பாலும் ஒன்றும் நடந்திராது. ஒரு சிட்டிகை சமையல் சோடாவைப் போட்டுக் கரையுங்கள். சற்று நேரத்தில் அந்தத் தண்டும் குமிழி விடத் தொடங்கும். போனே எங்கே சறுக்கினார் என்று ஒரு சிட்டிகையில் தெரிந்துவிடும். ஒளிச்சேர்க்கைச் சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் பல வகுப்புகளில் சோடாவை முதலிலேயே கொட்டிவிடுகிறார்கள். குமிழி சீக்கிரம் வர வேண்டுமே என்ற அவசரம்.

ஸ்டார்ச் சோதனையும் நீங்கள் அறிந்ததே. செடியை ஓரிரு நாள் இருட்டில் வைத்து, செம்பருத்தி இலையில் கறுப்புத் தாளைப் பட்டையாகக் கட்டி, வெயில் காட்டி, பிறகு இலையைக் கொதிநீரில் வாட்டி, ஸ்பிரிட்டில் பச்சையம் இறக்கி, அயோடின் விடுவது. ஸ்பிரிட்டை ஒருபோதும் நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள், தீப்பற்றிக்கொள்ளும். அடுப்பை அணைத்தபின், சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் ஸ்பிரிட் குழாயை நிற்கவைத்தால் போதும். அயோடின் நல்லதுதானா என்று பார்க்க, முதலில் ஒரு சொட்டு வடித்த கஞ்சியில் விடுங்கள். கருநீலமாக மாற வேண்டும்.

எல்லா இலையும் நீலமாகும் என்று நினைத்துவிடாதீர்கள். வெங்காயத்தாளில் அயோடின் விட்டால் நீலம் வராது. அதுவும் ஒளிச்சேர்க்கை செய்கிறது. தான் உண்டாக்கியதைச் சர்க்கரையாகவே வைத்துக்கொள்கிறது, ஸ்டார்ச்சாகச் சேமிப்பதில்லை. விவரம் தெரியாத பிள்ளை பயந்துபோய்ப் பக்கத்து நோட்டைப் பார்த்து "நீலநிறம் தோன்றியது" என்று எழுதிவைக்கும். ஆசிரியரும் சரி என்று குறியிட்டுவிடுவார்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். பதிவேட்டில் பிள்ளைகள் கண்டதையே எழுதட்டும். புத்தகத்துக்கு மாறாக வந்திருந்தால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். ஏன் மாறியது என்று கண்டுபிடிக்க இன்னொரு புட்டியையும் இன்னொரு பாட வேளையையும் கொடுங்கள்.