நட்டது எத்தனை, நின்றது எத்தனை?

(நம் சங்கத்தின் சென்ற ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உரையாளர் 2005 முதல் 2009 வரை இயந்திரவியல் பிரிவில் பயின்றவர்.)



மேடையில் பேசிப் பழக்கமில்லாதவன் நான். இரண்டாம் ஆண்டு செமினாரில் நான் எப்படித் திணறினேன் என்பது முன்வரிசையில் இருக்கும் சாருக்குத் தெரியும். அதனால் எனக்குத் தெரிந்த ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

அடுத்த ஆண்டுச் சந்திப்பின்போது கல்லூரி வளாகத்தில் 500 மரக்கன்றுகள் நடுவது என்று சற்று முன் ஒரு தீர்மானம் வாசித்தார்கள். எல்லாரும் கை தட்டினோம், நானும் தட்டினேன். தட்டும்போதே ஒரு பழைய ஞாபகம் வந்து உறுத்தியது.

2006-ஆம் ஆண்டு நாட்டு நலப்பணித் திட்டத்தில் இதே வளாகத்தில் நாங்கள் 400 கன்றுகள் நட்டோம். வேம்பு, புங்கன், வாகை. போட்டோ எடுத்தார்கள், வடையும் டீயும் கொடுத்தார்கள். அந்த வருஷ மலரில் '400 கன்றுகள் நடப்பட்டன' என்று அச்சாகியும் வந்தது. அது பொய்யில்லை. ஆனால் அடுத்த மே மாதம் போர்வெல் வற்றியது, விடுமுறை வந்தது, நாங்கள் ஊருக்குப் போய்விட்டோம். கரிசல் மண் வாய் பிளந்து கிடந்தபோது கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. யாரையும் குறை சொல்லவில்லை. அந்த நானூறில் பத்துக்கன்று என் பொறுப்பு. அவற்றை ஒரு தடவைகூடப் போய் நான் பார்க்கவில்லை.

இன்று காலை சீக்கிரமாக வந்து சுற்றிப் பார்த்தேன். நாங்கள் நட்டதில் ஒரே ஒரு வேம்பு நிற்கிறது, பழைய கேன்டீனுக்குப் பின்னால். அது ஏன் பிழைத்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலை பார்ப்பது அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகரத்துக்கு மேற்கே ஒரு தொழிற்சாலையில். பம்பும் குழாயும்தான் என் உலகம். காடு என்பது ஞாயிற்றுக்கிழமை காரில் போய்ப் பார்க்கிற பச்சை, அவ்வளவுதான். 2020 செப்டம்பரில் அந்த எண்ணம் மாறியது. ஒரே வாரத்துக்குள் மாநிலம் முழுவதும் காட்டுத்தீ பரவி, 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. ஆயிரக்கணக்கான வீடுகள் போயின. பட்டப்பகலில் வானம் செங்கல் நிறமாக இருந்தது. பாஸ்போர்ட்டையும் துணிமணியையும் காரில் எடுத்து வைத்துவிட்டு, ஜன்னல் இடுக்கில் ஈரத்துணியைச் செருகிவிட்டு உட்கார்ந்திருந்தோம். என் மகள் கேட்டாள்: "அப்பா, இந்தக் காடு திரும்ப வருமா?" எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் தெரிந்தவர்களைத் தேடிப் போனபோதுதான் அந்த ஊர் வனவியலாளர் சங்கம் அறிமுகமானது. நம்ம ஊரில் ஃபாரஸ்டர் என்றால் காக்கி உடுப்புப் போட்ட வனத்துறைப் பணியாளர். அங்கே அந்தச் சொல்லுக்குக் காட்டியலில் பட்டம் பெற்றுத் தொழில் செய்பவர் என்று பொருள். அரசாங்கத்திலும் இருப்பார், மரக் கம்பெனியிலும் இருப்பார், தனியாகவும் தொழில் நடத்துவார். இவர்களுடைய தாய்ச்சங்கம் அமெரிக்க வனவியலாளர் சங்கம். 1900 நவம்பர் 30-ஆம் தேதி ஏழு பேர் கூடி ஆரம்பித்தது. தலைமை தாங்கியவர் கிஃபோர்ட் பின்ஷோ. ஆரம்ப காலக் கூட்டங்கள் அவர் வீட்டிலேயே நடந்தன. சுட்ட ஆப்பிளும் இஞ்சி ரொட்டியும் பாலும் கொடுப்பாராம்.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. பின்ஷோ காட்டியல் படிக்க ஐரோப்பா போனபோது அவருக்கு வழிகாட்டியவர் டீட்ரிக் பிராண்டிஸ். 1864-இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவராகப் பொறுப்பேற்றவர் இவர்தான். நம் நாட்டுக் காடுகளில் பெற்ற அனுபவத்தைத்தான் அந்தப் பெரியவர் ஓர் அமெரிக்க இளைஞனுக்கு எடுத்துச் சொன்னார். ஆக, அவர்களிடமிருந்து நாம் ஒன்றைக் கற்றுக்கொண்டால் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாய்ச்சங்கத்துக்கு ஆரிகனிலும் ஒரு கிளை உண்டு. ஆண்டுதோறும் மாநாடு கூட்டுவார்கள். மாநாடு என்றால் மண்டபத்தோடு முடிவதில்லை, காட்டுக்குள்ளே போய்ப் பார்ப்பதும் சேர்த்திதான். பல்கலைக்கழகங்களின் காட்டியல் படிப்புக்கு அங்கீகாரம் கொடுப்பது தாய்ச்சங்கம். மாணவர்களுக்குத் தனிக் கிளை இருக்கிறது. சங்கத்தின் சான்று பெற்றவர்கள் 3 ஆண்டுக்கு 60 மணி நேரம் புதிதாகப் படித்துக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் சான்று போய்விடும். நம்மில் எத்தனை பேர் பட்டம் வாங்கிய பிறகு 60 மணி நேரம் பாடம் படித்திருக்கிறோம்? நான் என்னைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

பொதுமக்களைக் காட்டுக்குள் அழைத்துப் போய் விளக்குவதும் அவர்கள் செய்கிற வேலை. அப்படி ஒரு சனிக்கிழமை நானும் மகளும் போனோம். கூட்டிப் போனவர் பணி ஓய்வு பெற்ற ஒரு வனவியலாளர், எழுபது வயதுக்கு மேலிருக்கும். பேச்சுவாக்கில், "நாங்களும் காலேஜில் 400 மரம் நட்டோம்" என்று கொஞ்சம் பெருமையாகச் சொன்னேன். அவர், "நல்லது, இப்போ எத்தனை இருக்கு?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, அவருக்கு உண்மையாகவே அந்தக் கணக்கு வேண்டியிருந்தது. நான் பேச்சை மாற்றினேன்.

அவர் எங்களைக் கூட்டிப் போன இடம் டில்லமுக் காடு. போர்ட்லண்டுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது. 1933 ஆகஸ்ட் 14-இல் மரம் வெட்டும் இடம் ஒன்றில் பிடித்த தீ அங்கே பரவியது. முதல் பத்து நாளில் 40,000 ஏக்கர் எரிந்தது. பிறகு காற்று மாறியதும் ஒரே நாளுக்குள் சுமார் 2 லட்சம் ஏக்கர் போயிற்று. அதோடு விட்டதா? 1939-இல் மறுபடி தீ, 1945-இல் மறுபடி, 1951-இல் மறுபடி. ஆறு வருஷக் கண்டம் மாதிரி. மொத்தம் 3,55,000 ஏக்கரில் பட்டமரங்கள் மட்டும் நின்றன. இனி இங்கே காடு வராது என்று பலர் கைவிட்டார்கள்.

1948-இல் மாநில மக்களிடம் வாக்கெடுத்தார்கள்: கடன் பத்திரம் போட்டுப் பணம் திரட்டி மறுபடி நடலாமா? மயிரிழையில் ஜெயித்தது. 1949 முதல் 1973 வரை நட்டார்கள். முதலில் பட்டமரங்களை வரிசையாக வெட்டித் தீத்தடுப்புக் கோடுகள் போட்டார்கள். ஹெலிகாப்டரில் விதை தூவினார்கள், எலிகள் பாதியில் புகுந்து தின்றன. கையால் நட்டவை மட்டும் 7 கோடியே 20 லட்சம் டக்ளஸ் ஃபர் கன்றுகள். சிறைக் கைதிகள் நட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து நட்டார்கள். பிள்ளைகள் நட்டது மொத்தத்தில் ஒரு சிறு பங்குதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகி, "அது என் காடு" என்று சொல்கிறார்கள். மக்களைக் காட்டுக்குள் அழைத்துப் போவதன் பயன் என்ன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

சரி, நட்டதெல்லாம் பிழைத்ததா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் நம்ம எஞ்சினியர் மூளைக்குப் பிடித்த விஷயம் வருகிறது. அந்தப் பெரியவர் ஒரு கம்பை நட்டு, சுமார் 12 அடிக் கயிறு ஒன்றைக் கட்டி, மகளிடம் கொடுத்துச் சுற்றி வரச் சொன்னார். அந்த வட்டத்தின் பரப்பு ஓர் ஏக்கரில் நூறில் ஒரு பங்கு. உள்ளே நிற்கும் உயிருள்ள கன்றுகளை எண்ணி நூறால் பெருக்கினால் ஏக்கருக்கு எத்தனை என்று தெரிந்துவிடும். பல இடங்களில் இப்படி வட்டம் போட்டுச் சராசரி எடுக்கிறார்கள். 1971-இல் ஆரிகன் ஒரு வனச் சட்டம் இயற்றியது. அந்த நாட்டில் இப்படிப்பட்ட முதல் சட்டம் அதுதான். மரத்தை வெட்டி எடுத்தவர் இரண்டு ஆண்டுக்குள் மறுபடி நட்டு முடிக்க வேண்டும். அதோடு விடமாட்டார்கள். ஆறாம் ஆண்டு முடிவில் நல்ல மண்ணாக இருந்தால் ஏக்கருக்கு 200 கன்றாவது புதரை மீறித் தன் காலில் நிற்க வேண்டும். நட்டதற்கு ரசீது காட்டினால் செல்லாது, நிற்பதைக் காட்ட வேண்டும்.

எண்ணிப் பார்க்கிற பழக்கம் இருப்பதால் தப்பும் தெரிகிறது. டில்லமுக்கில் பெரும்பாலும் ஒரே சாதி மரத்தை நட்டதால், கடற்கரைப் பக்கத்தில் ஊசியிலைகளை உதிர வைக்கும் ஒரு பூஞ்சை நோய் பரவி வளர்ச்சியைக் குறைத்துவிட்டது. இதை மறைக்காமல் எங்களிடம் சொன்னதும் அந்தப் பெரியவர்தான். "அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்" என்றார். 1990-இல் அங்கே காட்டில் வாழும் ஓர் ஆந்தை இனத்தைக் காக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தபோது, மரம் வெட்டுவோருக்கும் காடு காப்போருக்கும் பெரும் சண்டை மூண்டது. அப்படிப்பட்ட சர்ச்சைகளில் இந்தச் சங்கம் தன் கருத்தை அறிக்கையாக எழுதி வெளியிடுகிறது. அந்த அறிக்கைக்கு மருந்துச் சீட்டைப் போல ஒரு காலாவதித் தேதி உண்டு! தேதி வந்ததும் மறுபடி ஆராய்ந்து, சரியென்றால் புதுப்பிப்பார்கள். எனக்கு அதைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது.

நண்பர்களே, அவர்கள் நாடு பணக்கார நாடு, மழை அதிகம், மண் வேறு. ஒப்பிட்டுப் பேசி நம்மைத் தாழ்த்திக்கொள்ள நான் வரவில்லை. கயிறும் கம்பும் வாங்கப் பணக்கார நாடு தேவையில்லை என்றுதான் சொல்கிறேன்.

தீர்மானத்துக்கு ஒரு சிறு திருத்தம் முன்மொழிய அனுமதி வேண்டுகிறேன். 500 வேண்டாம், 50 நடுவோம். ஆழமாகக் குழி தோண்டி, ஆடுமாடு கடிக்காமல் வேலி கட்டி, கோடையில் தண்ணீர் ஊற்றும் ஆளுக்கு மூன்று ஆண்டுச் சம்பளத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிட்டு நடுவோம். ஒரே சாதியாக இல்லாமல் இந்த மண்ணுக்கு ஏற்ற ஐந்தாறு வகை நடுவோம். ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் எண்ணிப் பார்த்து மேடையில் வாசிக்கட்டும். மலரில் 'நடப்பட்டவை' என்று போடுவதற்குப் பதில் 'நிற்பவை' என்று போடுவோம். 50-இல் 30 நின்றால் 30 என்றே அச்சடிப்போம். மீதி 20 ஏன் போயின என்று யோசிப்பதுதான் படித்தவர்கள் செய்கிற வேலை.

கடைசியாக அந்த ஒற்றை வேம்பு. கேன்டீன் அண்ணாச்சி இன்று வந்திருக்கிறார், கேட்டேன். "அது ஒண்ணுமில்ல தம்பி, கை கழுவுற தண்ணிய அந்தப் பக்கமா வாய்க்கா வெட்டி விட்டேன். மத்தது எல்லாம் தூரமா இருந்துச்சு" என்றார். எந்த மலரிலும் அவர் செய்தது வரவில்லை. 400 கன்று நட்ட எங்கள் படம் வந்தது.

என் மகளின் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. காடு திரும்ப வரும், யாராவது திரும்பத் திரும்பப் போய் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தால். நம் கல்லூரிக்கும் அப்படித்தான். ஆண்டுக்கு ஒரு முறையாவது திரும்பி வருவோம்.