பன்னிரண்டு மாதங்களும் ஒரு மன்னனும்

இல்லத்துச் சுவரிலே தொங்கும் நாட்காட்டியைச் சற்றே உற்று நோக்குங்கள். செப்டம்பர் என்னும் பெயர் இலத்தீன் மொழியின் ஏழு என்ற சொல்லினின்றும் பிறந்தது. அக்டோபர் எட்டு, நவம்பர் ஒன்பது, டிசம்பர் பத்து. ஆனால் அவை நிற்பதோ ஒன்பது முதல் பன்னிரண்டு வரையுள்ள இடங்களில்!

காரணம் உண்டு. பண்டை ரோமாபுரியில் ஆண்டு மார்ச்சிலே பிறந்தது. போர்க் கடவுள் மார்சின் பெயர் தாங்கிய மாதம் அது. கி.மு. 153 முதல் ஆட்சித் தலைவர்களான கான்சல்கள் ஜனவரி முதல் நாளில் பதவி ஏற்கலாயினர். ஜனவரி, வாயில் காக்கும் கடவுள் ஜேனசின் மாதம். ஆண்டின் வாயில் இடம் மாறிற்று. பழைய எண்ணுப் பெயர்களோ மாறவில்லை.

அந்தப் பெயர்களை மாற்ற முயன்றோர் இலரோ? இருந்தனர்! மாமன்னன் டொமிஷியன் செப்டம்பருக்கு ஜெர்மானிகஸ் என்று தன் பட்டத்தையும், அக்டோபருக்குத் தன் பெயரையும் சூட்டினான். கி.பி. 96-இல் அவன் கொலையுண்டான்; அவன் சூட்டிய பெயர்களும் உடன் மாண்டன. கொமோடஸ் இன்னும் ஒருபடி மேலே சென்றான். பன்னிரண்டு மாதங்களுக்குமே தன் பெயர்களையும் பட்டங்களையும் சூட்டினான்! 192-ஆம் ஆண்டின் இறுதி நாளன்று அவன் கொல்லப்பட்டான். பழைய பெயர்களே மீண்டன.

டைபீரியசோ அறிவுடையவன். அவன் பெயரால் ஒரு மாதத்தை அழைக்க மன்றத்தார் விழைந்தபோது, பதின்மூன்று சீசர்கள் தோன்றிவிட்டால் என் செய்வீர் என்று வினவியதாகக் காசியஸ் டியோ எழுதிவைத்தார்.

அப்படியாயின் ஜூலையும் ஆகஸ்டும் நிலைத்தது எங்ஙனம் என்று கேட்பீர்கள். கூறுகிறேன். சீசருக்கு முன்னர், ஆண்டிலே மிகை மாதம் சேர்ப்பதும் விடுவதும் குருமார் கையில் இருந்தது. வேண்டியவரின் பதவிக் காலத்தை நீட்டவும், வேண்டாதவரின் காலத்தைக் குறைக்கவும் அவ்வதிகாரம் பயன்பட்டது. காலமே கட்சி கட்டிற்று! பருவத்தினின்றும் வழுவிய கணக்கைச் சரிசெய்யக் கி.மு. 46-ஆம் ஆண்டை 445 நாட்களாக நீட்டினார் ஜூலியஸ் சீசர். அதன்பின் ஆண்டுக்கு 365 நாள், நான்காண்டுக்கு ஒருமுறை மிகைநாள் என வகுத்தார். கி.மு. 44-இல் ஐந்தாம் மாதமான குவின்டிலிஸ் ஜூலை ஆயிற்று. மிகைநாள் கணக்கிலே பின்னர் நேர்ந்த பிழையை அகஸ்டஸ் திருத்தினார், கி.மு. 8-இல் ஆறாம் மாதமான செக்ஸ்டிலிஸ் ஆகஸ்ட் ஆயிற்று.

அவ்விருவரும் அதிகார வேட்கை அற்றவர் அல்லர். எனினும் அவர்தம் பெயரோடு, உழவனுக்கும் வணிகனுக்கும் பயன்பட்ட ஒரு பணி ஒட்டிக்கொண்டது. கொமோடசின் பெயரோடு ஒட்டியிருந்தது அவனுடைய ஆணவம் மட்டுமே.

தோழர்களே! பெயரைப் பொறிக்க ஆணை ஒன்று போதும். அதனை வழங்கிட மக்களின் நாவன்றோ இசைதல் வேண்டும்!