மலையேறி வந்தவர் இருவகை
(கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



மூடுபனி மேடை வரை வந்துவிட்டது. என் முகம் உங்களுக்குத் தெரியவில்லை; உங்கள் முகம் எனக்குத் தெரியவில்லை. நான் நாடகக்காரன். திரை விழுந்தால் பேச்சை நிறுத்துவது என் வழக்கம். இன்று திரைக்குள்ளிருந்தே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊர் எப்படி ஊராயிற்று? 1845ஆம் ஆண்டு, மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் இந்த மலைமீது ஏறினார்கள். சமவெளியின் வெயில் துரத்திற்று. காலராவும் காய்ச்சலும் துரத்தின. முதலில் சிறுமலையில் ஒதுங்கிப் பார்த்தார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. பிறகுதான் இங்கே வந்து, சன்னிசைட், ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்களை எழுப்பினார்கள். ஆக, இந்த ஊரை உண்டாக்கியவர்களே அடைக்கலம் தேடி வந்தவர்கள்! பகைவனுக்கு அஞ்சியல்ல, பங்குனி வெயிலுக்கு அஞ்சி! அவர்களை நான் குறை கூறவில்லை. பள்ளி தந்தார்கள், மருந்து தந்தார்கள். நான் கூற வருவது வேறு. அவர்களுக்கு இங்கே இடம் இருந்தது. 1863இல் கலெக்டர் லெவிஞ்ச் ஓடைக்கு அணை கட்டி, சதுப்பு நிலத்தை ஏரியாக்கினார். வெயிலுக்கு ஓடிவந்தவன் வேடிக்கை பார்க்க ஏரியும் கிடைத்தது!

நூற்றிருபது ஆண்டு கழித்து இன்னொரு கூட்டம் மலையேறி வந்தது. அதன் கதையைக் கேளுங்கள்.

மதுரை, திருச்சி, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து வெள்ளையன் தோட்டத்திற்கு ஆள் பிடித்தான். மண்டபத்தில் நோய்த்தடுப்பு முகாமில் அடைத்து வைத்து, பிறகு கப்பலேற்றினான். காட்டை அழித்தார்கள் நம்மவர்கள், காப்பி நட்டார்கள், தேயிலை வளர்த்தார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் பிறந்தார்கள், அதிலேயே மாண்டார்கள். 1948இல் இலங்கை விடுதலை பெற்றது. விடுதலை பெற்ற நாடு முதலில் செய்த வேலைகளில் ஒன்று, இவர்களுக்குக் குடியுரிமை இல்லை என்று சட்டம் செய்தது! மறு ஆண்டு வாக்குரிமையும் போயிற்று.

1964 அக்டோபர் 30. சிரிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டனர். 9,75,000 பேர்; உனக்கு 5,25,000, எனக்கு 3,00,000, மீதி 1,50,000 பற்றிப் பிறகு பேசுவோம்! பத்தாண்டு கழித்து அந்த மீதியையும் சரிபாதியாகப் பிரித்தனர். தேங்காய் வியாபாரிகூடக் காயைத் தட்டிப் பார்த்துத்தான் எண்ணுவான். இந்த மக்களிடம், "எங்கே வாழ விரும்புகிறாய்?" என்று கேட்டுவிட்டா அந்தக் கணக்குப் போட்டார்கள்?

4 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வந்தனர். வந்து இறங்கியது எங்கே? அதே மண்டபம்! பாட்டன் புறப்பட்ட முகாமுக்கே பேரன் திரும்பி வந்தான். அரசாங்கம் பெயர் சூட்டிற்று: "தாயகம் திரும்பியோர்." எவ்வளவு இனிய பெயர்! அந்த முகாமில் நடந்திருக்கக்கூடியதைக் காட்சியாக எழுதுவதானால் இப்படித்தான் எழுதுவேன்.

"ஏம்மா, உன் சொந்த ஊர் எது?"

"அட்டன் பக்கம், தோட்டமுங்க."

"அது கிடக்கட்டும், இந்தியாவிலே எந்த ஊர்?"

"திருச்சிப் பக்கமுன்னு தாத்தா சொல்லுவாருங்க ஐயா."

"என்ன வேலை தெரியும்?"

"கொழுந்து எடுக்கத் தெரியுமுங்க."

"சரி, எழுதிக்கொள்! பெட்டிக்கடை வைக்கக் கடன்!"

சிரிக்கிறீர்கள். காட்சி என் கற்பனை, கடன் உண்மை. கொழுந்து கிள்ளிய கையில் தராசைக் கொடுத்தார்கள்; கடை நடக்கவில்லை, கடன் மட்டும் நின்றது. நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் சிலருக்கு வேலை தந்தது. மற்றவர்கள்? மலையில் பிறந்தவன் மலையைத் தேடினான். நுவரெலியாவின் குளிரை இந்தக் கோடைமலையில் கண்டு ஏறி வந்தான்.

இங்கே அவனுக்குக் கிடைத்தது கூப்பு! வாட்டில் என்னும் சீகை மரத்தை வெட்டு; பட்டையை உரி; பட்டை தோல் பதனிடப் போகும், கட்டை ஆலைக்குப் போகும், நீ எங்கும் போக முடியாது! ஏனெனில் ஒப்பந்தக்காரனிடம் முன்பணம் வாங்கியிருக்கிறாய். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்துவிட்டது. சட்டம் டில்லியில் இருந்தது, முன்பணம் இங்கே இருந்தது. காட்டுக்குள்ளே புல்வேய்ந்த கொட்டகை, கிழிந்த பிளாஸ்டிக் தாள், உள்ளே குழந்தை. அங்கே இருந்தபோது "தோட்டக்காட்டான்" என்றார்கள். இங்கே வந்தபோது "சிலோன்காரன்" என்றார்கள். இவான் பிரைஸ், தாமஸ் பிபின் என்ற இரு ஆய்வாளர்கள் 1984இல் இம்மக்களைப் பற்றி வெளியிட்ட நூலுக்கு இட்ட பெயரே "வேண்டாதவர்கள்" என்று பொருள்படும். கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான்; ஆராய்ச்சி நூல் என்றால் அஞ்சுவேன். இந்தத் தலைப்புக்கு மட்டும் அகராதி தேவைப்படவில்லை எனக்கு.

கூப்பு குறைந்தது. காட்டிலிருந்து இறங்கி, ஊர்ச் சரிவுகளில் ஒண்டினார்கள். கடப்பாரை பிடித்தார்கள், மூட்டை தூக்கினார்கள், விடுதிகளில் பாத்திரம் துலக்கினார்கள். இதே கொடைக்கானலில், இரண்டு மாடிக்கு அனுமதி பெற்று ஏழு மாடி எழுப்பிய விடுதியை நினைவிருக்கிறதா? 1990களில் அதற்காக விதியையே வளைத்து அரசாணை பிறந்தது; வழக்கு உச்ச நீதிமன்றம் வரை நடந்தது. மாடிக்கு விதி வளையும். குடிசைக்குப் பட்டா கேட்டால் மட்டும், "மலைப்பகுதி, சரிவு நிலம், வனத்தின் எல்லை" என்று விதி விறைத்து நிற்கும்! சரிவைக் காக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மண்சரிந்தால் முதலில் புதைபவன் குடிசைக்காரன்தானே! அதனால்தான் கேட்கிறேன்: சரிவு ஆகாதென்றால் சமநிலம் எங்கே? ஏரியைச் சுற்றி அது யார் கையில் இருக்கிறது?

மலையிறங்கித் திண்டுக்கல்லுக்குப் போங்கள். பக்கத்தில் தோட்டனூத்து. 1983 கலவரத்துக்குப் பின் அலையலையாகப் படகேறி வந்தோரைச் சேர்த்த முகாம்களில் ஒன்று. 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், "அகதிகள் முகாம்" என்ற பெயரையே மாற்றி, "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்றார். 2022 செப்டம்பர் 14ஆம் நாள் தோட்டனூத்தில் 321 புதிய வீடுகளைத் திறந்துவைத்தார். நல்ல சுவர், நல்ல கூரை. மகிழ்கிறோம். ஆனால் அந்த வீட்டுக்குள் பிறக்கும் குழந்தைக்கு எந்த நாடு? 2019 குடியுரிமைத் திருத்தத்தில் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை!

மேலே இருப்பவனுக்குக் குடியுரிமை உண்டு, குடியிருக்க உரிமையான இடம் இல்லை. கீழே இருப்பவனுக்கு வீடு உண்டு, குடியுரிமை இல்லை. இரண்டையும் ஒரே மனிதனுக்கு ஒரே நேரத்தில் கொடுக்க அரசாங்கங்களுக்குக் கை வரவில்லை.

கீழே உள்ளவர்க்காக டில்லியோடு வாதாட வேண்டும், வாதாடுகிறோம். மேலே உள்ளவர்க்கு டில்லி எதற்கு? நகராட்சி இங்கே இருக்கிறது, வட்டாட்சியர் அலுவலகம் இங்கே இருக்கிறது. எந்தச் சரிவில் எத்தனை குடும்பம், எத்தனை ஆண்டாக, கையில் என்ன தாள் என்று கணக்கு மட்டும்தான் நம்மிடம் இல்லை. கூட்டத்துக்கு வந்து கைதட்டும் நாமே அதை இதுவரை எடுக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. மேடைக்கு இடப்பக்கம் ஒரு மேசையில் நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். வாரம் இரு மாலை நடக்கத் தயாரான தோழர்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். கை விறைத்திருக்கும், பேனாவைக் கொஞ்சம் அழுத்திப் பிடியுங்கள்.