சீட்டில் வந்த சொற்றொடர்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



எழுத விரும்பும் இளைஞருக்கு முதற்பகை வெற்றுத்தாள். “எதைப் பற்றியும் எழுதலாம்” என்று சொல்லிவிட்டாற் பேனா ஓடுவதில்லை. ஓடினாலும் முன்பு கேட்ட வசனங்களையே எழுதுகிறது. மிஷன் பள்ளிக்கூடத்தில் வியாசம் எழுதிய நாள் தொட்டு இக்குறை நம்மிடம் உண்டு. தலைப்பு எதுவாயினும் முதல் வசனத்தை மனப்பாடமாகவே வைத்திருந்தோம்.

இதற்கொரு நல்ல மருந்து, தற்செயலாகக் கையில் அகப்பட்ட சொற்றொடரிலிருந்து எழுதத் தொடங்குவதாகும். இத்தாலிய எழுத்தாளர் ஜியானி ரொடாரி 1973இல் வெளிவந்த “கற்பனையின் இலக்கணம்” என்னும் நூலில் ஒரு முறை கூறுகிறார். கரும்பலகையின் இரு பக்கத்திலும் இரு பிள்ளைகள், ஒருவர் எழுதுவதை மற்றவர் பாராமல், ஒவ்வொரு சொல் எழுதுவர். ஒன்று “நாய்”, மற்றது “அலுமாரி” என்று வைத்துக்கொள்வோம். அலுமாரிக்குள் நாய் எப்படிப் புகுந்தது என்று மனம் கேட்கும், கதை பிறக்கும்.

இதனை மேல்நாட்டுப் புதுமை என்று ஒதுக்க வேண்டா. அவதானம் செய்யும் புலவருக்குச் சபையோர் ஓர் ஈற்றடியைக் கொடுத்து, வெண்பாவை முடிக்கும்படி கேட்பது நம் மரபு. நமது புலோலியிற் பிறந்த கதிரைவேற்பிள்ளை அவ்வித்தையாற் சதாவதானி எனப் பெயர் பெற்றவர்.

திருமுறையிற் கயிறு சாத்திப் பார்த்தலையும் சைவர் அறிவர். அச்சுதகளப்பாளர் மகப்பேறு வேண்டிக் கயிறு சாத்தியபோது, சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம் வந்தது. பின் பிறந்த குழந்தையே மெய்கண்டார் என்பது வரலாறு. அது வழிபாடு, நாம் சொல்வது எழுத்துப் பயிற்சி. இரண்டையும் ஒன்றாக்கவில்லை. ஆயினும் அதில் நமக்கொரு பாடம் உண்டு. கயிறு பாட்டைத்தான் காட்டியது. திருவெண்காட்டுக்குச் சென்று நீராடி வழிபட்டவர் அவரே.

அண்மையில் நண்பர் ஐவர் கூடி, பழைய பத்திரிகைகளிலிருந்து வெட்டிய சொற்றொடர்களை ஒரு பிஸ்கற் பேணியிலிட்டுக் குலுக்கினோம். எதை எழுதினாலும் “தமிழன்னை” என்றே தொடங்கும் நண்பர் ஒருவருக்குத் “திறப்பு இல்லாத பூட்டு” என்ற சீட்டு வந்தது. மாற்றித் தரும்படி கேட்டார், மறுத்துவிட்டோம். அரைமணி நேரத்தின் பின் தாம் எழுதியதை வாசித்தார். 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது அவருடைய அப்பாச்சி வீட்டைப் பூட்டி, திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டு போனாராம். திரும்பி வந்தபோது கதவும் இல்லை, பூட்டும் இல்லை. திறப்பு மட்டும் இன்றும் சுவாமிப் படத்தின் கீழே இருக்கிறதாம். மூன்று வருடம் ஒன்றாகப் படித்தும் அக்கதையை நாம் அறிந்திருக்கவில்லை. அன்று எவரும் இரண்டாவது சீட்டு எடுக்கவில்லை.

நண்பர்களே, அக்கதையைத் தந்தது சீட்டன்று. அது அவர் நெஞ்சிற் கிடந்தது. பழகிய வசனங்கள் அதனை மூடியிருந்தன. ஆகவே வாரம் ஒருமுறை நமது வாசிகசாலையிற் கூடுவோம். வந்த சீட்டை மாற்றாமல் அரைமணி நேரம் எழுதுவோம். முடிந்தபின் அச்சொற்றொடர் வேண்டாததாயின் அதை நீக்கிவிடலாம். அடுத்த ஆண்டு மலரில் நம் வீட்டுக் கதைகள் நம் சொந்த வசனத்தில் வரட்டும்.