கண்டியின் “எங்கள் ஜோர்ஜ்”

கண்டி மாநகரத்துக்கு வருவோர் தலதா மாளிகையைத் தரிசிக்கின்றனர், வாவிக்கரையிலே உலாவுகின்றனர். நகரத்தின் நடுவே ஜோர்ஜ் ஈ. டி சில்வா பூங்கா என்றொரு சிறு பூங்காவும் உண்டு. அதனைக் கடந்து செல்வோருள் பலர் அப்பெயருக்குரியவர் யாரென எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும், இன்று இலங்கையிலே ஆண், பெண், செல்வர், வறியர் என்ற பேதமின்றி ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் நிலை இருக்கின்றதே, அதனை அடைவதற்கு உழைத்த குடும்பங்களுள் அவருடைய குடும்பமும் ஒன்றாகும்.

கண்டி மாநகர சபை 1865 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. ஆனால், சபை என்று பெயர் இருந்ததேயன்றி, அதன் தலைமை ஆசனம் நெடுங்காலம் ஏஜண்டுத் துரைக்கே உரியதாயிருந்தது. சொத்தும் வருமானமும் உடைய சிலர் மாத்திரமே வாக்களித்தனர். நகரத்தவர் தம்முள் ஒருவரை மேயராகக் காண்பதற்கு இருபதாம் நூற்றாண்டின் நாற்பது ஆண்டுகள் வரை செல்லவேண்டியிருந்தது. முதல் மேயராக வந்த சேர் குடா ரத்வத்தை மலைநாட்டின் பழம்பெரும் குடியொன்றைச் சேர்ந்தவர். கண்டி அரசியலில் அத்தகைய குடிப்பெயருக்கு இருந்த மதிப்பு பெரிது.

ஜோர்ஜ் எட்மண்ட் டி சில்வாவுக்கோ அந்தப் பலம் இருக்கவில்லை. 1879 ஆம் ஆண்டிலே தென்னிலங்கை மாத்தறையிற் பிறந்த அவர், சட்டம் பயின்று, கண்டிக்கு வந்து, நீதிமன்றங்களில் வழக்குப் பேசி முன்னேறியவர். நிலமும் குலமும் பேசிய ஓர் ஊரில் அவர் தம் நாவன்மையை நம்பினார். ஏழை மக்களின் அன்பை நம்பினார். அம்மக்களும் அவரைத் துரை என்றோ ஐயா என்றோ தூர நிறுத்தாமல், “எங்கள் ஜோர்ஜ்” என்றே அழைத்தனர். அந்தப் பெயர் அவருக்குப் பட்டங்களினும் பெரிதாய் நிலைத்தது.

அவருடைய இல்லறமும் அக்காலத்துக்குப் புதுமையானதே. அவர் சிங்கள பௌத்தர். மனைவி அக்னஸ் நெல் பறங்கியர் இனத்துக் கிறிஸ்தவப் பெண்மணி. இரு சமூகத்தாரும் முகஞ்சுளித்த அத்திருமணம் அரசியலிலே நல்ல பயனைத் தந்தது.

1927 ஆம் ஆண்டின் இறுதியில் டொனமூர்க் குழுவினர் இலங்கைக்கு வந்தனர். அப்பொழுது நாட்டு மக்களுள் நூற்றுக்கு நால்வருக்கே வாக்கு இருந்தது. கற்றறிந்த தலைவர்கள் பலர், வாக்கை எல்லோருக்கும் கொடுத்தால் நாடு கெட்டுவிடும் என்று அஞ்சினர். தமிழ்ப் பெருந்தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் பெண்களுக்கு வாக்களிப்பதை எதிர்த்தார். ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தாரும், ஜோர்ஜ் டி சில்வா போன்ற சிலருமே உரிமையை விரிவாக்க வேண்டுமென்ற பக்கத்தில் நின்றனர். அவ்வேளையிலே பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோன்றியது. அதன் காரியதரிசியாக அமைந்தவர் அக்னஸ் டி சில்வா.

அவர் குழுவினர் முன் சாட்சியம் அளித்தபோது, தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமென்று கேட்கின்றீர்களா என்ற வினா எழுந்தது. அவர்களும் பெண்கள்தாமே, எல்லாப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்பதே அவருடைய விடையின் கருத்து. கூடையைச் சுமந்து கொழுந்து கிள்ளிய பெண்ணின் பெயரை அரசியல் மன்றத்தில் எவரும் எடுத்துப் பேசாத காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு பறங்கிப் பெண்மணி அவ்வாறு சொன்னது தமிழ் மக்கள் மறக்கத் தகாத செய்தியாகும்.

குழுவினர் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்குரிமையைச் சிபார்சு செய்தனர். முடிவில் 21 வயது வந்த ஆண் பெண் இருபாலார்க்கும் அது கிடைத்தது. இங்கிலாந்திலே பெண்கள் ஆண்களோடு சமமாக வாக்குப் பெற்றது 1928 இல். பிரான்ஸில் 1944 இல். இலங்கையோ 1931 இலேயே சர்வசன வாக்குரிமையோடு தேர்தல் நடத்திவிட்டது. ஆசியாவில் அதுவே முதலாவது.

அரசாங்க சபையிலே கண்டித் தொகுதியின் பிரதிநிதியாக விளங்கிய டி சில்வா, தேசிய காங்கிரஸின் தலைமையையும் வகித்தார். 1942 இல் சுகாதார மந்திரியானார். 1934, 1935 ஆம் ஆண்டுகளில் மலேரியா கிராமங்களைச் சூறையாடிய கொடுமையை நாடு கண்டிருந்தது. கிராமத்து நோயாளி பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேருமுன்னே வழியில் இறந்துபோவதும் உண்டு. ஆகவே, சிறு கிராம ஆஸ்பத்திரிகளை நாடெங்கும் பெருக்க அவர் முனைந்தார். அவர் மந்திரியாயிருந்த காலத்திலேயே டி.டி.ரி. மருந்து தெளித்துக் கொசுவை ஒழிக்கும் வேலையும் தொடங்கியது. 1946 இல் ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய 20 ஆக இருந்த மரண விகிதம், 1947 இல் 14 அளவுக்கு இறங்கியது. மருந்துக்கு எவ்வளவு பங்கு, ஆஸ்பத்திரிகளுக்கு எவ்வளவு பங்கு என்று அறிஞர் இன்றும் வாதிடுவர். உயிர் தப்பியோருக்கோ இரண்டும் நன்மையே.

இத்தகைய மந்திரி, 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வென்ற தமது சொந்தக் கண்டி ஆசனத்தைத் தேர்தல் மனுவினால் இழந்தார். அவருக்குப்பின் இடைத்தேர்தலில் அவ்வாசனத்தை வென்றவர் செல்வருமல்லர், பிரபுவுமல்லர். அவ்வாண்டு நடந்த அரசாங்க லிகிதர் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கி, அதனால் வேலையை இழந்த ரி. பி. இலங்கரத்னா. கந்தசாமி என்னும் தமிழ் லிகிதர் பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானது அந்த வேலைநிறுத்தத்திலேதான். எளியவனுக்கும் வாக்கு வேண்டுமென்று கேட்டவரின் ஆசனம், எளியவனின் வாக்கினாலேயே ஒரு லிகிதரிடம் சென்றது. இலங்கரத்னாவும் தேர்தல் மனுவினால் ஆசனத்தை இழந்தார். 1949 இல் அவர் மனைவி தமரா குமாரி அதே கண்டியின் பிரதிநிதியானார். பெண்ணுக்கு உரிமை கேட்ட அக்னஸின் ஊரிலிருந்து ஒரு பெண் பாராளுமன்றம் புகுந்தார். அவர் அமர்ந்ததோ அக்னஸின் கணவர் இழந்த ஆசனம்!

ஆனால், அதே காலத்தில் மற்றொரு கதவு மூடப்பட்டது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. 1947 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸுக்கு ஏழு ஆசனங்களைத் தேடித் தந்த மக்கள், 1952 இல் வாக்குச் சாவடிக்கு வெளியே நின்றனர். அக்னஸ் யாருக்காக வாதாடினாரோ அந்தப் பெண்களின் கை மீண்டும் வெறுங்கையாயிற்று. அந்தக் குறை சட்டத்தின் வழியே முற்றாகத் தீர 2003 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஜோர்ஜ் டி சில்வா 1950 இல் மறைந்தார். அக்னஸ் 1961 இல் மறைந்தார். மகன் பிரெட் டி சில்வா கண்டியின் மேயராகவும், பாராளுமன்ற உறுப்பினராகவும், பின்னர் பிரான்ஸிலே தூதுவராகவும் கடமையாற்றினார். மகள் மினெட் டி சில்வா கட்டடக் கலைஞராகிக் கண்டியிலே வீடுகள் அமைத்தார். வட்டபுலுவை வீடமைப்புத் திட்டத்துக்கு வரைபடம் தீட்டுமுன், அங்கே குடியேற இருந்தவர்களிடமே அவர்களுக்கு எத்தகைய வீடு வேண்டுமென்று கேட்டறிந்தார். மக்களைக் கேட்டுச் செய்யும் அந்தப் பழக்கம் அவருக்குத் தாய்தந்தையரிடமிருந்து வந்தது போலும்.

மக்களிடம் வாக்கைக் கொடுப்பவன், அவ்வாக்குத் தனக்கே எதிராக விழக்கூடும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். வாக்கைப் பெற்றவர்களோ, அயலவனின் வாக்கு பறிபோகும்போது வாளாவிருத்தல் ஆகாது. கண்டிப் பூங்காவின் பெயர்ப் பலகை இவ்விரண்டையும் நினைவூட்டுமாயின், அது வெறும் பெயர்ப் பலகையன்று.