பொட்டலம் பேசிய மொழி



மொழிக்கென அமைந்த மேடையில் காப்பியையும் மருந்தையும் பற்றிப் பேசுவதா எனச் சிலர் வியக்கக்கூடும். ஆயினும், விக்டோரியா அரசியார் காலத்தில் இங்கிலாந்தின் கடைத்தெருவிலும் அமெரிக்காவின் கடைத்தெருவிலும் நிகழ்ந்த ஒரு மாற்றம் மொழியோடு நெருங்கிய தொடர்புடையது. அதுவரை கண்ணும் மூக்கும் கையும் செய்துவந்த வேலையைச் சொல் ஏற்றுக்கொண்ட காலம் அது. அச்சொல்லை எவ்வாறு படிப்பது என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்கவிருக்கும் பொருள்.

முதலில் காப்பி. 1860களில் அமெரிக்க மக்கள் பலரும் பச்சைக் காப்பிக்கொட்டையை வாங்கி, வீட்டு அடுப்பிலேயே வறுத்துக்கொண்டனர். கடையில் சாக்கு திறந்திருக்கும். வாங்குபவர் ஒரு பிடி அள்ளி, நிறம் பார்த்து, முகர்ந்து, அதன்பின் விலை கேட்பார். ஆனால் வறுப்பதற்குத் தேர்ந்த கை வேண்டும். சற்றே கருகினாலும் சுவை கெட்டுவிடும். வணிகரே வறுத்து விற்கலாமெனில், வறுத்த கொட்டை விரைவில் மணம் இழக்கும். பிட்ஸ்பர்க் நகர வணிகர் ஜான் ஆர்பக்கிள் இதற்கு ஒரு வழி கண்டார். முட்டை, சர்க்கரை முதலியவற்றாலான மேற்பூச்சை வறுத்த கொட்டைக்கு இடும் முறைக்கு 1868இல் காப்புரிமை பெற்றார். அவருடைய நிறுவனம் ஒரு பவுண்டு எடையுள்ள காகிதப் பொட்டலங்களில் கொட்டையை அடைத்து, 1873இல் ‘அரியோசா’ என்ற பெயரில் விற்கத் தொடங்கியது.

பொட்டலம் மூடப்பட்டதும் கொட்டை கண்ணுக்கு மறைந்தது. வாங்குபவர் முன் எஞ்சியவை பெயரும் படமும் எழுத்துமே. ஆகவே அவற்றின்மீது நம்பிக்கையை வளர்க்க வேண்டியதாயிற்று. பொட்டலத்தின்மீது பறக்கும் வானதூதரின் உருவம் இருந்தது. உள்ளே குழந்தைகளுக்கு ஒரு புதினா மிட்டாய்க் குச்சி இருந்தது. ஆர்பக்கிள் கையொப்பம் அச்சிட்ட சீட்டுகளைச் சேர்த்து அனுப்பினால் வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் பரிசாக வந்தன. வண்ணப் படஅட்டைகள் பல நாடுகளை அறிமுகப்படுத்தின. மேற்குப் பகுதியின் மாடு மேய்ப்போரிடையே ‘ஆர்பக்கிள்’ என்றாலே காப்பி என்று பொருள்படுமளவுக்கு அச்சிறப்புப்பெயர் பொதுப்பெயராகவே வழங்கியது.

இந்த உத்திகளில் பலவற்றை மருந்து வணிகர்கள் முன்பே கையாண்டிருந்தனர். அவர்கள் விற்றவை ‘காப்புரிமை மருந்துகள்’ எனப்பட்டன. பெயரே பொருந்தாத பெயர். அரசரின் காப்புரிமை பெற்ற சில பழைய மருந்துகளால் அப்பெயர் நிலைத்ததேயன்றி, அவற்றுள் பெரும்பாலானவை காப்புரிமை பெறாதவை. காப்புரிமை வேண்டுமெனில் செய்முறையை வெளியிட வேண்டும். வணிகர்களுக்கோ செய்முறை மறைவாக இருக்கவேண்டும். பெயர் மட்டும் ஊரெங்கும் பரவவேண்டும். இங்கிலாந்தில் இம்மருந்துகளுக்கு அரசு முத்திரை வரி விதித்தது. வரி செலுத்தியதற்கு அடையாளமான அம்முத்திரையை, அரசே மருந்துக்கு அளித்த நற்சான்றாக மக்கள் பலர் படித்தனர். முத்திரை சொல்லாத ஒன்றை அது சொன்னதாகக் கொண்டதும் ஒருவகைப் படிப்புப் பிழையே.

பீச்சம் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். ஒரு பெட்டி ஒரு கினி பெறும் என்றது அதன் விளம்பரம். அதாவது 21 சில்லிங். விற்ற விலையோ ஒரு சில்லிங் ஒன்றரைப் பென்னி. பிரித்தானிய மருத்துவச் சங்கம் 1909இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதில் இருந்தவை கற்றாழைச் சாற்றிலிருந்து எடுத்த மலமிளக்கி, இஞ்சி, சோப்பு ஆகியவை. 56 மாத்திரைகளுக்கான மூலப்பொருள்களின் விலை ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. அதற்கும் விற்பனை விலைக்கும் இடைப்பட்ட பெருந்தொலைவைக் கடக்க விளம்பரச் சொல் பெரிதும் உதவியது.

அமெரிக்காவில் லிடியா பிங்கம் என்ற அம்மையாரின் மூலிகைக் கலவை 1875இல் விற்பனைக்கு வந்தது. பெண்களின் நோய்களுக்கான மருந்தாக விற்கப்பட்ட அதில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்களவு சாராயம் இருந்தது. அன்பு ததும்பும் அவர் முகம் விளம்பரங்களில் இடம்பெற்றது. தமக்கு எழுதுமாறு பெண்களை அவை அழைத்தன. அம்மையார் 1883இல் காலமானார். அதன் பின்னரும் அவர் உயிரோடிருப்பதாகவே எண்ணும் வகையில் விளம்பரங்கள் தொடர்ந்தன. 1905இல் ஒரு மகளிர் இதழின் ஆசிரியர் எட்வர்டு போக், அவருடைய கல்லறையின் படத்தை வெளியிட்டு உண்மையை உணர்த்தினார்.

இதனினும் கொடியது குழந்தைகளுக்கென விற்கப்பட்ட ‘திருமதி வின்ஸ்லோவின் ஆற்றுப்பாகு’. தாயும் சேயும் மகிழ்ந்திருக்கும் படங்கள் அதன் விளம்பரங்களை அணிசெய்தன. அழுத குழந்தை உறங்கியது உண்மை; பாகில் கலந்திருந்த மார்பின் என்னும் அபினிச் சத்து உறங்கவைத்தது. சில குழந்தைகள் விழிக்கவே இல்லை. ‘ஆற்றும்’ என்ற இனிய சொல்லுக்குப் பின்னால் நஞ்சு இருந்ததைத் தாய் அறிய வழியில்லை.

காப்பிப் பொட்டலமும் மருந்துப் புட்டியும் ஒரே வகை மொழியைப் பேசின என்றால், இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா? வைக்கலாகாது. காப்பியின் சொல்லுக்கு மறுநாள் காலையிலேயே தேர்வு நடந்துவிடும். சுவை இல்லையெனில் அடுத்த வாரம் வேறு பொட்டலம் வாங்கலாம். மருந்தின் சொல்லுக்கு அத்தகைய எளிய தேர்வு இல்லை. பல நோய்கள் தாமே தணிகின்றன. தணிந்ததும் புகழ் புட்டிக்குச் சேர்கிறது. சாராயமும் அபினியும் தரும் தற்காலிக இதம் பொய்ச்சாட்சி சொல்கிறது. பிழைத்தவர் நற்சான்று மடல் எழுதுவார், இறந்தவர் எழுதமாட்டார். சொல்லைச் சோதிக்க இயலாத இடத்தில்தான் சொல்லின் ஆற்றலும் தீங்கும் மிகுதியாகின்றன.

இவ்விரு வணிகங்களும் ஒரு பொட்டலத்தில் சந்தித்ததும் உண்டு. 1895இல் சி. டபிள்யு. போஸ்ட் என்பவர், கோதுமையை வறுத்துச் செய்த ‘போஸ்டம்’ என்னும் பானத்தைக் காப்பிக்கு மாற்றாக விற்றார். காப்பி நரம்புகளைக் கெடுக்கும் என்று அவருடைய விளம்பரங்கள் அச்சமூட்டின. விற்றது உணவு, பேசியது மருந்துக்காரரின் மொழி.

இதற்குச் சட்டம் தேடிய தீர்வு நம் கவனத்துக்குரியது. அமெரிக்காவின் 1906ஆம் ஆண்டுத் தூய உணவு, மருந்துச் சட்டம் அபினியையோ சாராயத்தையோ தடைசெய்யவில்லை. மருந்தில் அவை இருந்தால் அளவோடு மேல்தாளில் எழுதுக என்றது. பொய் எழுதாதே என்றது. ஆனால் எது பொய்? 1911இல், புற்றுநோய் மருந்து ஒன்றைப் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம், இச்சட்டம் தடுப்பது பொருளின் தன்மை பற்றிய பொய்யையே எனவும், ‘நோயைக் குணமாக்கும்’ என்ற பொய் அதில் அடங்காது எனவும் தீர்ப்பளித்தது. 1912இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திக் குணமாக்கும் என்னும் பொய்யையும் சேர்த்தது. ஆயினும் ஏமாற்றும் நோக்கம் இருந்ததென மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. ‘இதில் இன்னது உள்ளது’ என்பது ஒருவகை வாக்கியம். ‘இது இன்னதைச் செய்யும்’ என்பது வேறுவகை வாக்கியம். நாம் வகுப்பறையில் கற்பிக்கும் வேறுபாடு ஒரு நாட்டின் நீதிமன்றத்தில் உயிர்ப் பிரச்சினையாக நின்றது.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர்களை வீட்டிலிருந்து ஒரு வெற்றுப் பொட்டலத்தையோ புட்டியின் மேல்தாளையோ கொண்டுவரச் சொல்வோம். பொருளில் என்ன, எவ்வளவு உள்ளது என்று கூறும் தொடர்களை ஒரு வண்ணத்திலும், அது என்ன செய்யும் என்று கூறும் தொடர்களை இன்னொரு வண்ணத்திலும் கோடிடச் செய்வோம். ‘மேம்பட்டது’ என்றால் எதனினும் மேம்பட்டது? ‘உதவும்’ என்றால் எவருக்கு, எந்த அளவுக்கு? இவ்வினாக்களை அவர்களே எழுப்பட்டும். மார்பின் என்ற ஒரு சொல் மேல்தாளில் இருந்து, அதைப் படித்தறியும் பயிற்சியும் தாய்க்கு இருந்திருந்தால், எத்தனையோ தொட்டில்கள் வெறுமையாகியிரா. படிக்கும் திறனை வளர்ப்பது உயிர் காக்கும் பணியுமாகும் என்பதை நினைவிற்கொண்டு நம் வகுப்பறைகளுக்குத் திரும்புவோம்.