வண்டியின் பின் சீட்டில் இருப்பவர்



1980-ஆம் ஆண்டு ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வெளிவந்தது. இந்தியாவில் இரண்டு பேர் உட்கார்ந்து போகும்படி வந்த முதல் மொபெட் அதுதான். பின்னால் ஒரு சீட்டு சேர்ந்ததும் எத்தனையோ குடும்பங்களின் நடமாட்டமே மாறிப்போனது. வேலைக்குப் போகும் மனைவியை பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விட முடிந்தது. காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அம்மா பின்னால் ஏறிக்கொள்ள, நடுராத்திரியில் டாக்டர் வீட்டுக் கதவைத் தட்ட முடிந்தது. இன்றைக்கும் கார் வாங்க முடியாத வீடுகளில் முதியவர் கண் ஆஸ்பத்திரிக்குப் போவதும், மகள் பரீட்சைக்குப் போவதும் அந்தப் பின் சீட்டில்தான். அதில் உட்கார்ந்து போகிறவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

சாலையில் ஓடும் மோட்டார் வண்டிகளிலேயே குறுகலானது இருசக்கர வாகனம். அதில் ஓட்டுகிறவருக்குக் கைப்பிடி இருக்கிறது, பிரேக் இருக்கிறது, எதிரே வருவதைப் பார்க்கக் கண்ணுக்கு முன்னால் சாலை இருக்கிறது. பின்னால் இருப்பவருக்குத் தெரிவது முன்னால் இருப்பவரின் முதுகு மட்டும். பள்ளம் வருகிறது என்று ஓட்டுகிறவர் ஒரு நொடி முன்னதாகவே அறிந்து, கைகளை இறுக்கி, உடம்பைத் தயாராக்கிக்கொள்கிறார். பின்னால் இருப்பவருக்கு அந்த ஒரு நொடி கிடைப்பதில்லை. வண்டி குலுங்கிய பிறகுதான் அவருக்குப் பள்ளம் தெரிகிறது.

உட்காரும் இடமும் அவருக்குச் சாதகமாக இல்லை. ஓட்டுகிறவர் இரண்டு சக்கரங்களுக்கும் இடையில் இருக்கிறார். பின்னால் இருப்பவரோ ஏறக்குறைய பின் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார். சக்கரம் துள்ளினால் அவரும் நேராக மேலே துள்ளுகிறார். வேகத்தடையில் முன்னால் இருப்பவருக்கு ஓர் ஆட்டம் என்றால், பின்னால் இருப்பவருக்கு அது ஒரு தூக்கிப்போடல். இந்தியச் சாலைப் பேரவையின் அளவின்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் ஏறி இறங்கும்படி சரிவாக இருக்க வேண்டும். நம் தெருக்களில் ஒரு முழ அகலத்தில் சுவர் எழுப்பியதுபோல் தாரைக் குவித்து வைத்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக் கோடும் கிடையாது, முன்னறிவிப்புப் பலகையும் கிடையாது. அதன் மேல் 40-இல் போகும் வண்டியிலிருந்து, பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் பின்புறமாக விழுந்தால் முதலில் தரையில் மோதுவது தலையின் பின்பகுதி. எதிரில் எந்த வண்டியும் வந்திருக்க வேண்டியதில்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கைச் சொல்கிறேன். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர் என்று அந்த அறிக்கை சொல்கிறது. அதில் 14,337 பேர் வண்டியை ஓட்டவில்லை, உட்கார்ந்துதான் போனார்கள்.

இனி உட்காரும் விதத்துக்கு வருகிறேன். சேலை கட்டிய பெண்கள் ஒருபக்கமாகக் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்வது நம் வழக்கம். அதில் இருக்கும் சிரமத்தை உட்கார்ந்து பார்த்தவர்களே அறிவார்கள். இடுப்பு ஒரு திசையில், முகம் ஒரு திசையில். தொடைகளால் சீட்டைக் கவ்விப் பிடிக்க வழியில்லை. உடம்பின் பாரம் முழுவதும் வண்டியின் இடது ஓரத்தில் விழுகிறது. அதைச் சமன்செய்ய ஓட்டுகிறவர் அறியாமலே வலப்பக்கம் சாய்கிறார். திடீரென்று வண்டி வேகமெடுத்தால் பின்னால் இருப்பவர் பின்னுக்குச் சரிகிறார், பிரேக் பிடித்தால் முன்னால் இருப்பவரின் தோளில் மோதுகிறார். அரை மணி நேரத்தில் முதுகு வலிக்கும், கால் மரத்துப்போகும். மரத்துப்போன காலோடு இறங்கும்போதும் தடுமாறி விழுகிறவர்கள் உண்டு. வசதிக்குறைவு வேறு, ஆபத்து வேறு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பின் சீட்டைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. சரியாக உட்கார முடியாதவரால் சரியாகப் பிடித்துக்கொள்ளவும் முடியாது.

முடிந்தவர்கள் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருங்கள். சுடிதார் அணிந்த பெண்களில் பலர் இப்போது அப்படித்தான் உட்கார்கிறார்கள். நல்ல மாற்றம். இதைக் குறை சொல்லும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், உயிருக்கு உகந்தது எது என்று அவர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். சேலையோடு ஒருபக்கமாகத்தான் உட்கார வேண்டும் என்றால் இரண்டு விஷயங்கள் கட்டாயம் தேவை: கால் வைக்க உறுதியான பலகை, கை பிடிக்கக் கம்பி.

இவை வண்டி வாங்குகிறவரின் விருப்பத்துக்கு விட்டவை அல்ல. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ள நிலையான கைப்பிடி வேண்டும். கால்மிதி வேண்டும். அவருடைய உடை சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும். அந்தத் தடுப்பைத்தான் நாம் சேலை கார்டு என்கிறோம். இந்த விதியைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்று 2008-இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2018-இல் அங்கும் அந்த உத்தரவு நிலைத்தது. பின்னால் உட்காரும் பெண்ணின் சேலைக்காக இந்த நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை ஒரு வழக்கு போக வேண்டியிருந்தது.

அப்படிக் கிடைத்த சேலை கார்டை வண்டி வாங்கிய வாரமே கழற்றிப் பரணில் போடுகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். கைப்பிடிக் கம்பியையும் கழற்றிவிடுகிறார்கள். வண்டி பார்க்க எடுப்பாக இருக்க வேண்டுமாம். தம்பிகளே, அந்தச் சீட்டில் நாளைக்கு உங்கள் அம்மா உட்காரப்போகிறார். கழற்றியதைத் திரும்ப மாட்டுங்கள். பின் சீட்டைச் சின்னதாக, உயரமாக, சரிவாக வைத்து வரும் பைக்குகளை வாங்க நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: கடையில் நீங்கள் மட்டும் ஏறி ஓட்டிப் பார்த்துவிட்டு வராதீர்கள். வழக்கமாக உங்கள் பின்னால் வரப்போகிறவரையும் கூட்டிக்கொண்டு போய், அவரை உட்காரவைத்துப் பாருங்கள். அவரால் ஏற முடிகிறதா, கால் எட்டுகிறதா, கை பிடிக்க இடம் இருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள்.

துணி சிக்குவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்குப் பழைய சம்பவம் ஒன்று உண்டு. இசடோரா டங்கன் என்ற உலகப் புகழ்பெற்ற நடனக் கலைஞர், 1927 செப்டம்பர் 14 அன்று பிரான்சின் நீஸ் நகரில் ஒரு சின்னத் திறந்த காரில் ஏறிப் புறப்பட்டார். கழுத்தில் சுற்றியிருந்த நீளமான பட்டுத் துணியின் முனை பின் சக்கரத்தில் சிக்கியது. அங்கேயே உயிர் போனது. கழுத்துத் துணி இப்படிச் சக்கரத்தில் சிக்கி நேரும் காயத்தை மருத்துவர்கள் இன்றும் அவர் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். நம் நாட்டு மருத்துவர்கள் அந்தக் காயத்தைத் துப்பட்டாவில் பார்க்கிறார்கள். சக்கரம் சுழலும் வேகத்தில் துணியை இழுத்து விடுவிக்க நேரமே இருக்காது. அதனால் ஏறும்முன் துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் இறுக்கி முடிந்துகொள்ளுங்கள். முந்தானையை முன்னால் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுகிறவர், அது செருகப்பட்டதை ஒருமுறை திரும்பிப் பார்த்த பிறகே கிளம்ப வேண்டும்.

குழந்தைகளின் கால் இன்னொரு கவலை. கால்மிதி எட்டாத பிள்ளையின் குதிகால், சக்கரத்தின் கம்பிகளுக்குள் போய்விடுவது எலும்பு மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் காயம். தோலும் சதையும் பிய்ந்து, ஆற மாதக்கணக்கில் ஆகும். தூக்கம் சொக்கும் பிள்ளையும் பிடியை விட்டுவிடும். மத்திய அரசு 2022 பிப்ரவரியில் வெளியிட்ட விதி, நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பின்னால் உட்காரவைத்தால் பாதுகாப்புப் பட்டை கட்ட வேண்டும் என்கிறது. பிள்ளைக்கு மேற்சட்டைபோல அணிவித்து, அதன் வார்களை ஓட்டுகிறவர் தோளில் மாட்டிக்கொள்வது அது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைக்குத் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இந்த விதி நடைமுறைக்கு வந்தும் பட்டை கட்டிய பிள்ளையைச் சாலையில் காண்பது அரிது. பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பெற்றோர்கள் மனது வைத்தால் இது மாறும்.

ஹெல்மெட் ஓட்டுகிறவருக்கு மட்டும் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு, நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் சேர்த்தே சொல்கிறது. ஓட்டுகிறவர், உட்கார்ந்து வருகிறவர் என்ற பேதம் அதில் இல்லை. சென்னையில் 2022 மே மாதத்திலிருந்து பின்னால் இருப்பவரையும் காவல்துறை கண்டிப்போடு கவனிக்கத் தொடங்கியது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் ஹெல்மெட் அணிவது மரணத்தை நூற்றுக்கு 42 வீதமும், தலைக்காயத்தை நூற்றுக்கு 69 வீதமும் குறைப்பதாகத் தெரிகிறது. பூ வைத்த கொண்டைக்கு ஹெல்மெட் பொருந்தாது என்று பெண்கள் சொல்வது உண்மையான சிரமம். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போகும்போது பூவைப் பையில் வைத்துக்கொண்டு, அங்கே போய் வைத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாக, தாடைப் பட்டை சரியாகப் பூட்டுவதாக, பின்னால் இருப்பவருக்கென்றே தனியாக ஒன்று வாங்குங்கள். ஓட்டுகிறவரின் பழைய ஹெல்மெட் அவர் தலையில் சுழன்றுகொண்டிருந்தால் பயனில்லை.

பலரும் கவனிக்காத சின்ன விஷயம் டயரின் காற்று. இரண்டு பேர் போகும்போது பின் டயரில் கூடுதல் காற்று வேண்டும். நாம் அதிகம் பார்க்கும் 110 சிசி ஸ்கூட்டர்களில், தனியாகப் போனால் 29 பிஎஸ்ஐ, இருவர் போனால் 36 பிஎஸ்ஐ என்பதுபோல் அளவு குறித்திருப்பார்கள். உங்கள் வண்டிக்கான அளவு வண்டியில் ஒட்டிய தாளிலோ கையேட்டிலோ இருக்கும். காற்று குறைந்தால் வளைவில் வண்டியின் பின்பக்கம் அலையும், பள்ளத்தின் அடி நேராக முதுகெலும்புக்குப் போகும். பைக்கின் ஷாக் அப்சார்பரையும் பின்னால் ஆள் வரும் எடைக்கு ஏற்பத் திருகி இறுக்கலாம். மெக்கானிக்கிடம் சொன்னால் சில நிமிடத்தில் செய்து தருவார்.

இவ்வளவுக்கும் மேலாக, ஓட்டுகிறவர் பேச வேண்டும். பள்ளம் வந்தால் "பள்ளம்" என்று சொல்லுங்கள். வேகத்தடைக்கு முன்னால் "பிடிச்சுக்கோங்க" என்று சொல்லுங்கள். ஏறியவர் "சரி" என்று சொல்லும்வரை ஆக்ஸிலரேட்டரை முறுக்காதீர்கள். வண்டி முழுவதும் நின்று, இரண்டு காலும் தரையில் ஊன்றிய பிறகு இறக்குங்கள். இடதுபக்கமாகவே இறக்குங்கள், பைக்கில் வலதுபக்கம் சூடான சைலன்சர் இருக்கும், சாலையில் பின்னால் வரும் வண்டியும் அந்தப் பக்கம்தான் வரும்.

பின்னால் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பயமாக இருந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். "மெதுவாகப் போ" என்று மகனிடம், கணவரிடம், தம்பியிடம் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. சொல்லியும் கேட்காவிட்டால் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொள்ளுங்கள். நாளைக் காலை வண்டியை எடுக்கும்முன் ஓட்டுகிறவர்கள் ஒன்று செய்யுங்கள்: வழக்கமாக உங்கள் பின்னால் வருகிறவரிடம், எந்த இடத்தில் அவருக்குப் பயமாக இருக்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டு அங்கே வேகத்தைக் குறையுங்கள்.